லாரி வாடகை வரலாறு



கூலி என்பதும் வாடகை என்பதும் ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றினும் தம்முள் வேறுபாடு உடையன. உடலுழைப்பிற்குப் பெறுவது கூலி. தன் பொருளைப் பிறர் பயன்படுத்தும்படி விட்டு அதற்காகப் பெறுவது வாடகை. வீட்டிற்கு வாடகை உண்டு, கூலி இல்லை. கொத்தனுக்குக் கூலி உண்டு, வாடகை இல்லை. தன் சொந்த லாரியைத் தானே ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் பெறும் தொகையோ இவ்விரண்டும் கலந்ததாகும். அவர் உழைப்பிற்குரிய பங்கு ஒன்று. அவர் வண்டிக்குரிய பங்கு ஒன்று. வண்டி நாள்தோறும் தேய்ந்து வருதலின் அத்தேய்மானத்தை ஈடு செய்தற்குரிய பங்கு ஒன்று. ஆக மூன்றும் ஒரே தொகையில் அடங்கிக் கிடக்கின்றன. நம் நாட்டு லாரித் தொழிலில் இம்மூன்றுக்கும் சேர்த்து வழங்கும் பெயர் வாடகை என்னும் ஒரு சொல்லே. பெயர் ஒன்றாயிருத்தலின் கணக்கும் ஒன்றாய்ப் போயிற்று. வந்த வாடகையினின்று டீசலும் சுங்கமும் படியும் கழித்து, எஞ்சியதனை இலாபம் என்று எண்ணி வீட்டிற்கு எடுத்துக்கொண்டு, சில ஆண்டுகள் கழிந்து எஞ்சின் வேலை வந்தபோது வட்டிக்குக் கடன் தேடியலைந்த குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன.

ஆயினும் குற்றம் முழுவதும் கணக்குத் தெரியாமையின்பாற் பட்டதன்று. வண்டிக்காரர் செய்யும் செலவுகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குமிடத்து, பெரும்பாலானவற்றை நிர்ணயிக்கும் அதிகாரி ஒருவர் எங்கேனும் இருத்தலைக் காணலாம். சாலை வரியை அரசாங்கம் நிர்ணயிக்கின்றது. சுங்கக் கட்டணத்தை விதி நிர்ணயிக்கின்றது. தவணைத் தொகையைக் கடன் பத்திரம் நிர்ணயிக்கின்றது. வாடகையை மட்டும் நிர்ணயிப்பவர் யாவர்? இவ்வினாவிற்கு விடை காலந்தோறும் மாறி வந்துள்ளது. அம்மாற்றத்தையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

நம் இலக்கியங்களிற் காணப்படும் முதற் பாரவண்டிக்காரர் உமணர் எனலாம். கடற்கரை உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டுபோய் விற்றவர் அவர். அவர் ஏற்றியது தம் சொந்தச் சரக்கு; ஆதலின் வண்டிச் செலவு முழுவதும் உப்பின் விலையிலேயே அடங்கிற்று. வாடகை என்று தனியே ஒருவரிடம் கேட்டு நிற்கும் நிலை அவர்க்கு இல்லை. வழியில் அச்சு முறியுமாயின் உதவும்பொருட்டு, உமணர் தம் வண்டியின் அடியிற் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் வழக்கம் புறநானூற்றால் அறியப்படுகின்றது. தேய்மானத்திற்கு முன்னரே ஒதுக்கி வைத்தல் என்று இக்காலத்துக் கணக்கர் பெரிய எழுத்தில் எழுதுவது வேறு யாது? பிறர் சரக்கை ஏற்றிக் கூலிக்கு ஓட்டும் மாட்டு வண்டிகள் பிற்காலத்தே பெருகின. அவற்றின் கூலி சந்தைக்குச் சந்தை, பருவத்திற்குப் பருவம் வேறுபட்டது. அறுவடைக் காலத்தில் ஏறும்; உழவு மாடுகள் ஓய்ந்திருக்கும் கோடையில் இறங்கும். அது பேச்சிற் பிறந்து பேச்சிலேயே முடிந்தது.

அச்சிட்ட கட்டணப் பட்டியல் நம் நாட்டிற் சுமைக்கு வந்தது புகைவண்டியோடுதான். சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1856ஆம் ஆண்டில். புகைவண்டிக் கம்பெனிகள் சரக்குகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வகுப்பிற்கொரு கட்டணம் விதித்தன. இங்கே ஒரு நுட்பம் உண்டு. அக்கட்டணம் சுமையை இழுக்கும் செலவை மட்டும் நோக்கி விதிக்கப்பட்டதன்று. சரக்கின் விலை எத்துணைக் கட்டணம் தாங்கும் என்பதை நோக்கியும் விதிக்கப்பட்டது. நிலக்கரியும் கல்லும் குறைந்த கட்டணத்தில் ஏறின. துணியும் தேயிலையும் போன்ற விலையுயர்ந்த சரக்குகள் மிகுந்த கட்டணம் செலுத்தின. முதல் உலகப் போரின் பின்னர் மோட்டார் லாரிகள் நம் சாலைகளிற் பெருகியபோது, லாரிக்காரர் இவ்வகுப்பு முறையை நோக்கவில்லை. அவர்க்குத் துணியும் பாரமே, கல்லும் பாரமே. ஆதலால் எச்சரக்கிற்குப் புகைவண்டி மிகுதியாகக் கேட்டதோ அச்சரக்கையே லாரி முதலிற் கவர்ந்துகொண்டது. அதுவும் வியாபாரியின் கடை வாயிலிலேயே ஏற்றி, வாங்குவோர் வாயிலிலேயே இறக்கிற்று. புகைவண்டிக்கு எஞ்சியவை குறைந்த கட்டணச் சரக்குகள். சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் நேர்ந்த பகையின் வேர் இதுவேயாகும்.

அக்காலத்துப் புகைவண்டிகளில் அரசாங்கத்தின் முதல் பெரிதும் முடங்கிக் கிடந்தது. எனவே இப்பகை அரசாங்கத்தின் கவலையாயிற்று. ஜயகர் தலைமையில் அமைந்த சாலை வளர்ச்சிக் கமிட்டி 1928ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. அதன் பயனாகச் சாலை நிதிக்கென்று பெட்ரோல்மீது காலனுக்கு இரண்டு அணா மிகுதி வரி விதிக்கப்பட்டது. சாலை வேண்டுவோர் சாலைக்குக் கொடுக்கட்டும் என்பது அதன் நியாயம். அந்நியாயத்தை யான் மறுக்கவில்லை. ஆயின் வண்டிக்காரரின் செலவுகளுள் ஒன்று நாடு முழுதும் ஒரே அளவாக, சட்டத்தால், வாடகையோடு தொடர்பின்றி ஏற்றப்பட்ட தொடக்கம் இது என்பதை நாம் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். மிட்செல், கிர்க்னெஸ் என்னும் இரு அதிகாரிகள் சாலைக்கும் புகைவண்டிக்கும் நிகழும் போட்டியை ஆராய்ந்தனர். 1933ஆம் ஆண்டிற் சிம்லாவில் இதுபற்றி ஒரு மகாநாடு கூடிற்று. 1937இல் வெட்ஜ்வுட் கமிட்டியின் அறிக்கை வந்தது. இவற்றின் முடிவாக எழுந்ததே 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம்.

அச்சட்டத்தின் 43ஆம் பிரிவு நம் ஆராய்ச்சிக்கு உயிர்நாடி போன்றது. மாகாண அரசாங்கம் சிலவற்றைக் கருத்திற்கொண்டு, நெடுந்தூரச் சரக்குகளைச் சாலைவழிக் கொண்டுசெல்லுதலைத் தடுக்கலாம், அல்லது குறைக்கலாம். வாடகைக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் விதிக்கலாம் என்று அப்பிரிவு அதிகாரம் அளித்தது. கருத்திற்கொள்ள வேண்டியவற்றுள் சாலையையும் இருப்புப்பாதையையும் இணைத்து நடத்துதல் ஒன்று. சாலைகள் கெடாமற் காத்தல் ஒன்று. மோட்டார் வண்டிகள் தமக்குள் கட்டுப்படியாகாத போட்டியில் இறங்குதலைத் தடுத்தல் ஒன்று. ஆகவே, ஒருவர் தம் செலவிற்கும் குறைவாக வாடகை கேட்டு அயலாரையும் கெடுத்துத் தாமும் கெடுவார் என்பதை ஆட்சியாளர் 1939ஆம் ஆண்டிலேயே அறிந்திருந்தனர். அதனைத் தடுக்கும் கருவியையும் சட்டத்தில் எழுதி வைத்தனர். ஆயினும் அக்கருவி வண்டிக்காரரின் அடுப்பை நினைந்து செய்யப்பட்டதன்று. லாரி வாடகை மிகவும் இறங்கினாற் புகைவண்டியின் வருமானம் குறையும் என்னும் அச்சமே அதன் முதற்காரணம். பிறர்க்கென்று கட்டிய கொட்டகையின் நிழல் ஓரளவு வழிப்போக்கர்க்கும் கிடைத்தது போன்றது அது.

சட்டம் வந்த சில மாதங்களில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பெட்ரோல் பங்கீட்டு முறைக்கு உட்பட்டது. கரிவாயு உண்டாக்கும் அடுப்பு ஒன்றைப் பின்புறத்திற் சுமந்துகொண்டு வண்டிகள் ஏற்றங்களில் மூச்சிரைத்து ஊர்ந்த காட்சியை நம் முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அக்காலத்தில் வண்டி ஓடுவதே அருமையாயிருந்தமையின் வாடகைபற்றி விரித்துரைத்தற்கு ஒன்றுமில்லை.

சுதந்திரத்தின் பின்னர் வந்தது பர்மிட் காலம். 1954ஆம் ஆண்டு முதல் டாட்டா கம்பெனியார் பென்ஸ் லாரிகளை இந்நாட்டிலேயே செய்யத் தொடங்கினர். சென்னை எண்ணூரில் 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்டு என்று பெயர் பெற்றது. வண்டி கிடைத்தது, ஆனால் அதனைப் பிறர் சரக்கிற்கு ஓட்ட வேண்டின் அனுமதி வேண்டும். லாரியின் நெற்றியில் ‘பப்ளிக் காரியர்’ என்று எழுதியிருந்த பலகை அவ்வனுமதியின் அடையாளம். அனுமதிகள் எண்ணிக் கொடுக்கப்பட்டன; மாநில எல்லையைத் தாண்ட வேறு கையொப்பங்களும் வரிகளும் வேண்டியிருந்தன. சாலைப் போக்குவரத்தைச் சீரமைக்க அமைந்த மசானி கமிட்டி 1959ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தபோது, இத்தொழில் பெரிய கம்பெனிகளின் கையிலன்றி ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சிறியோர் கையிலேயே பெரிதும் இருந்தது. வண்டிகள் அளவாகவும் சரக்கு மிகுதியாகவும் இருந்தமையின் அக்காலத்து வாடகை ஓரளவு கட்டுப்படியாயிற்று. ஆனால் அந்நன்மை வண்டியை ஓட்டியவர்க்கு முழுவதும் சேரவில்லை. அருமையான பொருள் எதுவோ அதற்கே விலை ஏறும். இங்கு அருமையாயிருந்தது லாரி அன்று. பர்மிட் என்னும் காகிதம். காகிதம் ஒருவர் பெயரிலும் வண்டி மற்றொருவர் கையிலுமாக ஓடிய காலத்தில், வாடகையின் ஒரு பங்கு சாலையையே காணாதவர் பெட்டிக்குட் சென்றது.

ஓட்டுநரை உடைமையாளராக்கியது கடன். 1969ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையான பின்னர், முன்னுரிமைக் கடன் பெறுவோர் வரிசையிற் சிறு போக்குவரத்துத் தொழிலாளரும் சேர்க்கப்பட்டனர். 1979இற் சென்னையில் தோன்றிய ஸ்ரீராம் நிதிக் கம்பெனி போன்றவை பழைய லாரி வாங்குவோர்க்கும் கடன் கொடுத்தன. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரங்களில் மழையை நம்பிய புன்செய் உழவர் பலர் நிலத்தின்மீது பணம் புரட்டி லாரி வாங்கியதும், கிளீனராய்ப் புகுந்தவர் ஓட்டுநராகி, பின் உடைமையாளரானதும், பாடி கட்டும் பட்டறைகள் அவ்வூர்களிற் பெருகி நாமக்கல்லின் பெயர் இந்தியா முழுதும் பரவியதும் நீவிர் அறிந்தனவே. இது பெருமைக்குரிய வரலாறு, ஐயமில்லை. ஆயின் கடனால் வந்த உடைமைக்கு ஓர் இயல்பு உண்டு. தவணை நாள் தவறாது வரும். வாடகை வரும் நாள் அவ்வாறன்று. தவணை நெருங்கிய ஒருவர் கட்டுப்படியாகாத வாடகைக்கும் இசைந்தே தீர்வார். வண்டி நின்றால் முழு நஷ்டம், ஓடினால் அரை நஷ்டம் என்பது அவர் கணக்கு. அவ்வொருவர் இசைந்த தொகையே மறுநாள் மற்றவர்க்கும் சந்தை விலையாகிவிடுகின்றது.

எரிபொருள் விலை ஏறும்போது அவ்வேற்றத்தை யார் சுமப்பது என்னும் வினா 1973ஆம் ஆண்டில் உலகெங்கும் எழுந்தது. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியமையால் சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அமெரிக்காவிற் சொந்த லாரி ஓட்டுவோர் அவ்வாண்டு டிசம்பரில் நெடுஞ்சாலைகளிலேயே வண்டிகளை நிறுத்தினர். 1974ஆம் ஆண்டு தொடக்கத்தில் வேலைநிறுத்தம் பெருகிற்று. அந்நாட்டில் அப்போது சுமைக் கட்டணங்களை மேற்பார்க்க மாநிலங்களிடை வாணிபக் கமிஷன் என்று ஓர் அமைப்பு இருந்தமையின், எரிபொருளுக்கென்று வாடகைமீது 100க்கு 6 வீதம் மிகுதிக் கட்டணம் பெற அஃது ஆணையிட்டு வழக்கைத் தீர்த்தது. அமெரிக்கர் 1980ஆம் ஆண்டில் அக்கட்டுப்பாட்டைப் பெரும்பாலும் தளர்த்தினர். 1995ஆம் ஆண்டின் இறுதியோடு அக்கமிஷனையே கலைத்தனர். ஆயினும் எரிபொருள் ஏற்றத்தை வாடகையினின்று பிரித்துத் தனி வரியாக எழுதும் பழக்கம் அங்கே ஊன்றிவிட்டது. நம் நாட்டுப் புக்கிங் ஆபீஸ் ரசீதில் அத்தகைய வரி ஒன்றை யான் கண்டதில்லை.

நம் நாட்டில் 1975ஆம் ஆண்டு நேஷனல் பர்மிட் திட்டம் தொடங்கிற்று. முதலில் அதுவும் எண்ணிக் கொடுக்கப்பட்டதே. பெரிய மாற்றம் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், பர்மிட் கேட்பவர்க்குச் சாதாரணமாய் மறுத்தல் கூடாது என்று விதித்தது. 3,000 கிலோவிற்கு மேற்படாத சிறு சரக்கு வண்டிகட்குப் பர்மிட்டே வேண்டாம் என்று விட்டது. காகிதத்தின் அருமை ஒழிந்தது. அதனால் வாழ்ந்தவரும் ஒழிந்தனர். இது நன்றே. ஆனால் கதவு திறந்தபோது எல்லோரும் ஒருங்கே நுழைந்தனர். அருமையான பொருள் இப்போது பர்மிட்டும் அன்று, லாரியும் அன்று, சரக்கு. ஆகவே சரக்கைக் கையில் வைத்திருப்பவர் வாடகையைச் சொல்பவரானார். பழைய 43ஆம் பிரிவின் அதிகாரம் புதிய சட்டத்தில் 67ஆம் பிரிவாய்த் தொடர்ந்தது. கட்டுப்படியாகாத போட்டியைத் தடுத்தல் என்னும் நோக்கமும், சரக்கு வண்டி வாடகைக்கு மேல்வரம்பு கீழ்வரம்பு விதிக்கும் அதிகாரமும் அதிலும் எழுதப்பட்டன. பேருந்துக் கட்டணத்திற்கு அரசாங்கம் ஆணையிடுதலை நாம் காண்கின்றோம். லாரி வாடகையோ சந்தைக்கே விடப்பட்டது. பயணச் சீட்டு வாங்குவோர் வாக்காளர். லாரியில் ஏறும் சிமெண்டு மூட்டைக்கு வாக்கு இல்லை என்று நண்பர் ஒருவர் நகைப்பார்.

சரக்கு வைத்திருப்பவர்க்கும் லாரிக்காரர்க்கும் இடையே நிற்பது புக்கிங் ஆபீஸ். அதனைப் பழித்துரைப்பது எளிது. அஃதில்லாமல் இயங்குவது அரிது. தெரியாத ஊரில், தெரியாத மொழியில், இறக்கிய வண்டிக்கு மறுபடியும் ஏற்றச் சரக்குத் தேடித் தருபவர் புரோக்கரே. அதற்குக் கமிஷன் பெறுதல் முறைதான். ஆயின் வியாபாரி கொடுத்த வாடகை எவ்வளவு என்பது லாரிக்காரர்க்குத் தெரியாது. தெரிவது தமக்குச் சொல்லப்பட்ட தொகை மட்டும். அதிலும் ஒரு பகுதி முன்பணம்; எஞ்சிய பாக்கி, சரக்கு இறங்கி ரசீது திரும்பியபின். பாக்கி வரும்வரை அடுத்த நடைக்கு டீசல் போட அவர் வேறிடத்திற் கடன் வாங்குகின்றார். அவ்வட்டி எந்த வாடகையிலும் சேர்வதில்லை. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் வடநாட்டு ஆலையொன்றின் வாயிலில் மூன்று நாள் இறக்காமற் காத்திருந்து, காத்திருப்பிற்கு உரிய ஹால்டிங் பணம் கேட்டபோது, அது வாடகையிலேயே அடங்கிற்று என்று விடை பெற்றார். மேலே கூறிய மூன்று பங்கோடு நான்காவதாக இதுவும் அச்சொல்லிற் புகுந்துவிட்டது போலும்! திரும்பும் வழிக்குரிய ரிட்டன் லோடின் வாடகையோ இன்னும் தாழ்ந்தது. எப்படியும் ஊர் திரும்ப வேண்டியவர் டீசலுக்கு மட்டும் கிடைத்தாலும் ஏற்றிக்கொள்வார் என்பதைச் சந்தை நன்கறியும்.

இனிச் செலவின் பக்கம் திரும்புவோம். டீசல் விலையை நெடுங்காலம் மத்திய அரசாங்கமே வரையறுத்து வந்தது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அக்கட்டுப்பாடு நீங்கிற்று. 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் மாறலாயிற்று. நாள்தோறும் மாறும் விலையை வாங்கி, பத்து நாள் முன்னே பேசிய வாடகைக்கு ஓட்டும் தொழில் இதுவாயிற்று. உலக விலை மட்டுமன்றி வரியும் ஏறிற்று. 2014ஆம் ஆண்டின் இடையில் லிட்டர் டீசலுக்கு மத்திய கலால் வரி 3 ரூபாய் 56 காசு. 2020 மே மாதத்தில் அது 31 ரூபாய் 83 காசு. ஒரு நடைக்கு நூறு லிட்டர் எரிக்கும் லாரிக்கு இவ்வரியால் மட்டும் மிகுந்த செலவு 2,827 ரூபாய். 2021 நவம்பரிற் பத்து ரூபாயும் 2022 மே மாதத்தில் ஆறு ரூபாயும் குறைக்கப்பட்டன என்பதையும் கூறுதல் நேர்மை. 2017 ஜூலையிற் சரக்கு சேவை வரி வந்தபோது டீசல் அதன் புறத்தே நிறுத்தப்பட்டமையால், ஏனைத் தொழிலார் தம் கொள்முதல் வரியைக் கழித்துக்கொண்டது போல் லாரிக்காரர் டீசல் வரியைக் கழித்துக்கொள்ள இயலவில்லை. சுங்கச்சாவடிக் கட்டணத்திற்கோ 2008ஆம் ஆண்டு விதிகள் தெளிவான வாய்பாடே வகுத்துள்ளன: ஆண்டுதோறும் 100க்கு 3 உறுதியான ஏற்றம், அதன்மேல், மொத்த விலைக் குறியீடு ஏறிய அளவில் 100க்கு 40 பங்கு. சாலை கட்டிய கம்பெனியின் வருமானம் விலைவாசியோடு உயர வேண்டும் என்று ஏற்றுக்கொண்ட அரசாங்கம், அச்சாலையில் ஓடுபவரின் வருமானத்திற்கு அத்தகைய வாய்பாடு ஒன்றும் வகுக்கவில்லை.

2018ஆம் ஆண்டு ஜூலையில் நிகழ்ந்தது இதற்கு ஏற்ற சான்று. டீசல் விலை, சுங்கம், காப்பீட்டுக் கட்டணம் ஆகியவற்றைக் குறைக்க வேண்டி அகில இந்திய மோட்டார் போக்குவரத்துக் காங்கிரஸ் அம்மாதம் 20ஆம் நாள் முதல் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தது. அதற்குச் சில நாள் முன்னர், லாரிகள் ஏற்றத்தக்க எடையை அரசாங்கம் உயர்த்திற்று. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. பலர் இதனை வரமாகக் கருதினர். கணக்கிட்டுப் பார்ப்போம். வண்டியின் சொந்த எடை 9 டன் என்று கொள்வோமாயின் முன்னர் ஏற்றியது 16 டன், இனி 19.5 டன். முன்னர் ஆறு லாரிகள் சுமந்த 96 டன்னை இனி ஐந்து லாரிகளே சுமந்துவிடும். நாட்டின் சரக்கு ஒரே நாளிற் பெருகிவிடுமா? பெருகாது. ஆறாவது லாரி சரக்கின்றி நிற்கும். நிற்க இயலாமல் வாடகையைக் குறைக்கும். டன்னுக்கு இவ்வளவு என்று பேசும் தொழிலில் ஏற்றும் எடையை உயர்த்தினால் அதன் நன்மை நாளடைவிற் சரக்குக்காரரையே சேரும். அதிக பாரம் ஏற்றும் தீய வழக்கமும் இவ்வாறே வாடகைக் குறைவின் குழந்தை. அதனைப் பேராசையின் குழந்தை என்று மட்டும் கருதுவோர் சாலையை அறியாதவர். எட்டு நாள் நிகழ்ந்த அவ்வேலைநிறுத்தம் 27ஆம் நாள் அரசாங்கத்தின் உறுதிமொழிகளோடு முடிந்தது. கேட்டவை பெரும்பாலும் செலவைக் குறைக்கும் கோரிக்கைகளே என்பது நோக்கத்தக்கது. வாடகைக்குக் கீழ்வரம்பு விதிக்கும் 67ஆம் பிரிவு முதற் கோரிக்கையாய் நிற்கவில்லை.

வாடகையையே நேருக்கு நேர் வைத்து வழக்காடிய ஊர்களும் உண்டு. பஞ்சாபிலும் இமாசலப் பிரதேசத்திலும் லாரிக்காரர் யூனியனாகவும் கூட்டுறவுச் சங்கமாகவும் கூடி, இவ்வூர்ச் சரக்கை எம் வண்டிகளே ஏற்றும், வாடகை இவ்வளவு என்று வரிசைமுறை வைத்து நடத்தி வந்தனர். இம்முறையால் ஒவ்வொருவர்க்கும் முறைவழி நடை கிடைக்கும். ஒருவர் மற்றொருவரைக் கெடுத்தல் இயலாது. ஆயினும் வெளியூர் வண்டியை உள்ளே விடாமையும், சரக்குக்காரர் விரும்பிய வண்டியை அமர்த்த இயலாமையும் அதன் குறைகள். சில இடங்களில் அச்சுறுத்தலும் நிகழ்ந்தது. பஞ்சாப் அரசாங்கம் 2017ஆம் ஆண்டில் விதிகள் செய்து அத்தகைய கூட்டுகளைத் தடுத்தது.

இமாசலத்தில் நிகழ்ந்தது வேறு. பிலாஸ்பூர் மாவட்டத்துப் பர்மானாவில் ஏ.சி.சி. சிமெண்டு ஆலையும், சோலன் மாவட்டத்துத் தார்லாகாட்டில் அம்புஜா சிமெண்டு ஆலையும் உள்ளன. ஆலைக்கு நிலம் இழந்த குடும்பங்கள் பல, அந்நிலத்திற்கு ஈடாகக் கிடைத்த பிழைப்பாக லாரி வாங்கி ஆலைச் சரக்கை ஏற்றி வந்தன. 2022 செப்டம்பரில் இரு கம்பெனிகளும் அதானி குழுமத்தின் கைக்கு மாறின. அப்போது டன்னுக்குக் கிலோமீட்டருக்கு வாடகை ஓர் ஆலையில் 10 ரூபாய் 58 காசு, மற்றோர் ஆலையில் 11 ரூபாய் 41 காசு. இது மிகை, ஆலை நஷ்டமடைகின்றது, ஏறத்தாழ 6 ரூபாயே தரத்தக்கது என்று கம்பெனி கூறிற்று. லாரிக்காரர் இசையவில்லை. டிசம்பர் இடையில் இரண்டு ஆலைகளும் மூடப்பட்டன. லாரிகள் சாலையோரங்களில் நின்றன. தவணைகள் மட்டும் நிற்கவில்லை.

கம்பெனி சொன்ன தொகைக்கும் லாரிக்காரர் சொன்ன தொகைக்கும் உள்ள வேறுபாடு வெறும் பேர வேறுபாடு அன்று என்பதை ஒரு கணக்கால் விளக்குவோம். 10 டன் ஏற்றிய லாரி மலைவழியே 100 கிலோமீட்டர் சென்று வெறுமையாய்த் திரும்புவதாகக் கொள்க. ஏற்றிச் செல்லுங்கால் லிட்டருக்கு 3 கிலோமீட்டரும் திரும்புங்கால் 5 கிலோமீட்டரும் ஓடும் என்றும், டீசல் 85 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால் எரிவது ஏறத்தாழ 53 லிட்டர். செலவு 4,505 ரூபாய். டன்னுக்கு 6 ரூபாய் வீதம் வாடகை 6,000. டீசல் போக எஞ்சுவது 1,495. அதனுள்ளே டயரும், வரியும், காப்பீடும், தவணையும், தேய்மானமும், ஓட்டுபவர் சோறும் அடங்க வேண்டும். வரிசையில் நின்று மாதத்திற்கு எத்துணை நடை கிடைக்குமோ அத்துணை மடங்கே அவர் குடும்பத்தின் வருவாய். 10 ரூபாய் 30 காசு வீதமாயின் வாடகை 10,300, எஞ்சுவது 5,795. சிமெண்டு வாங்குவோர் பக்கத்து நியாயத்தையும் மறத்தல் ஆகாது. ஆயினும் 1,495 ரூபாயிற் சேம அச்சு கட்டுதல் யார்க்கும் இயலாது.

அறுபத்தேழு நாள் ஆலைகள் மூடிக் கிடந்தன. மாநில அரசாங்கம் இடையே புகுந்து, செலவுக் கணக்கை ஆராயச் செய்து, இரு தரத்தாரையும் பலமுறை கூட்டிற்று. 2023 பிப்ரவரி 20ஆம் நாள் முதலமைச்சர் சுக்கு முன்னிலையில் முடிவு ஏற்பட்டது. ஒற்றை அச்சு லாரிகட்கு டன்னுக்குக் கிலோமீட்டருக்கு 10 ரூபாய் 30 காசு. பல அச்சு லாரிகட்கு 9 ரூபாய் 30 காசு. முன்னிருந்ததினும் குறைவே, எனினும் கம்பெனி முதலிற் சொன்னதனை நோக்க மிகுதி. இவ்விரு தொகைகட்கும் இடையே வைத்த ஒரு ரூபாய் வேறுபாட்டை யான் சிறப்பாகக் கருதுகின்றேன். பெரிய லாரிக்கு டன்னுக்குச் செலவு குறைவு, சிறிய லாரிக்கு மிகுதி என்பதை ஏற்று, சிறியவர் பெரியவரோடு ஒரே விலையிற் போட்டியிட்டு அழியாதபடி எழுதப்பட்ட ஒப்பந்தம் அது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிய கட்டுப்படியாகாத போட்டி என்பதற்கு ஒரு மருந்து இவ்வாறு, சட்டப் பிரிவின் ஆணையாலன்றி, வண்டிகளை நிறுத்தி வைத்துப் பெற்ற உடன்படிக்கையால் வந்தது.

நம்மவர் இல்லங்களிற் பழைய நடைக் கணக்கு நோட்டுகள் பரணில் இருத்தல் கூடும். இன்ன ஆண்டில், இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு, இத்துணை டன்னுக்கு, இவ்வளவு வாடகை, டீசல் இவ்வளவு, கமிஷன் இவ்வளவு என்று எழுதி வைத்த தாள்கள், 1989ஆம் ஆண்டிற்கு முற்பட்டனவாயின் மிகவும் பயன்படும். அவற்றை வைத்திருப்போர் ஒரு பிரதி எடுத்துச் சங்க அலுவலகத்திற்கு அனுப்பி உதவுவாராயின், பர்மிட் காலத்து வாடகையையும் பிற்காலத்து வாடகையையும் ஒரே பாதையில் வைத்து ஒப்பிட்டு, வேறோர் இதழில் எழுத எண்ணியுள்ளேன். மூல நோட்டு கேடின்றித் திருப்பியளிக்கப்படும்.